ஒன்றாம் நம்பர் உத்தரம்

எங்கள் ஊர் மரக்கடைக்காரர் என்னிடம் பொய் சொன்னார். நியூசிலாந்துத் தோட்டத்து பைன் கட்டைகளில் சிவப்பு பெயிண்டால் '1' என்று எழுதி, "உத்தரத்துக்கு இதுதான் பலம்" என்றார். அக்காவின் தையல் கூடத்துக்குப் புதிதாக ஓட்டுக்கூரை போடுகிறோம். அதன் கீழே பதினான்கு பெண்கள் உட்கார்ந்து தைப்பார்கள். நம்பி வாங்கினேன். தூக்கினால், அதே கடையில் மலிவாக வாங்கிய '3' போட்ட கட்டையைவிட லேசாக இருந்தது. அது உறுத்தியது.

காலை 7.10. வத்தலக்குண்டில் பஸ் ஏறினேன். '1' போட்டதில் ஒன்று, '3' போட்டதில் ஒன்று, ஆறடிக் கட்டைகள் இரண்டு கையில். "யாரை அடிக்கப் போறீங்க?" என்றார் கண்டக்டர். லக்கேஜ் இருபது ரூபாய். திண்டுக்கல் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர்.

8.30. பேகம்பூரில் இறங்கி, விசாரித்து, காதர் பாயின் மர அறுவை மில்லுக்குப் போனேன். முன்பின் தெரியாத மனிதர். ஓடிய ரம்பத்தை நிறுத்திவிட்டு வந்தார். செங்கல் அடுக்கு இரண்டின் மேல் கட்டையைப் படுக்கையாக வைத்தார். நடுவில் ஐம்பது கிலோ மணல் மூட்டை இரண்டைத் தொங்கவிட்டார். முனைக்கு முனை நூல் பிடித்து, தொய்வை ஸ்கேலால் அளந்தார். அழகான '1' கட்டை பதினேழு மில்லி தொய்ந்தது. முடிச்சு விழுந்த '3' கட்டை பத்துதான்.

"எப்படி பாய்?"

கட்டையின் முனையைக் காட்டினார். "வளையம் அகலம் அகலமா இருக்கா? சீக்கிரம் வளந்த மரத்தோட நடுப்பகுதி. முடிச்சு இல்ல, பளபளன்னு இருக்கும். அலமாரிக்குத்தான் இது ஒண்ணாம் நம்பர். ஏன் அப்பு, மூஞ்சியப் பாத்தா மூட்டை தூக்க ஆள் எடுப்பீங்க?"

இன்னும் இரண்டு மூட்டை ஏற்றினார். '1' கட்டை மடாரென்று முறிந்தது.

உடனே அக்காவுக்குப் போன் செய்தேன்.

"ஏலே, ஆசாரி ரெண்டு உத்தரம் ஏத்திட்டாருடா!"

"இறக்கச் சொல்லு. கீழ யாரும் நிக்க வேணாம்."

செத்த நேரத்தில் அவளே கூப்பிட்டாள். இறக்கியாயிற்று. அப்போதுதான் பாய் வாங்கி வைத்திருந்த டீயைக் குடித்தேன். ஆறிப் போயிருந்தது.

"மிச்சத்தையும் ஒவ்வொண்ணா இப்படி வச்சுப் பாருங்க. முடிச்சு நடு ஓரத்துல பெருசா இருந்தா அதையும் கழிச்சிருங்க" என்றார். கும்பிட்டேன். கூச்சப்பட்டு ரம்பத்தை மறுபடி ஓடவிட்டார். அந்தச் சத்தத்தில் நான் சொன்ன நன்றி அவருக்குக் கேட்டிருக்காது. அதனால் இங்கே எழுதுகிறேன்: பாய், பதினான்கு உயிருக்கு நன்றி.

மரக்கடைக்காரரே, என் கூரை தப்பித்தது. உங்கள் ஒன்றாம் நம்பரை வேறு யார் யார் வீட்டு உத்தரத்துக்கு விற்றீர்கள்? பெயர்களைக் கடை வாசலில் எழுதி வையுங்கள். ஊர் படிக்கட்டும்.