மூன்றால் வகுபடும் டெலிபோன்

ரிசீவரை எடுத்ததும் சுந்தர்சிங் 'ஹலோ' சொல்வதில்லை. "மூணால வகுபடும், சொல்லுங்க" என்கிறார். புதிதாகக் கூப்பிடுபவர்கள் ராங் நம்பர் என்று வைத்துவிடுகிறார்கள். அவர் கட்சியும் அதுதான்.

தாம்பரம் மார்க்கெட் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை. கண் பரிசோதனை அட்டையில் எழுத்துகள் கிடையாது. வரிக்கு ஒரு பகா எண். அவரே எழுதியது. கடைசி வரியின் கடைசி 3-ஐ நான் 8 என்று படித்தேன். "எட்டுன்னா ரெட்டைப்படை ஆயிடுமே சார். பவர் ஏறிடுச்சு" என்றார். கண்ணைக் காட்டப் போய்த் தலைவலியோடு திரும்பினேன்.

சிட்லபாக்கத்தில் அவர் வீட்டு டெலிபோனுக்கு முன்பு ஏழு இலக்கம். ஒன்றாலும் தன்னாலும் தவிர எதனாலும் வகுபடாத எண். கனெக்‌ஷன் வந்த புதிதில் ஆயிரத்தைந்நூறு வரையுள்ள பகா எண்கள் அத்தனையாலும் வகுத்துப் பார்த்து, ஒன்றுமே போகவில்லை என்றதும் சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாராம். எண்ணை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் கூப்பிடுவீர்கள், அவர் விளக்குவார்.

அப்புறம் சென்னை முழுக்க எல்லா எண்ணுக்கும் முன்னால் ஒரு 2 ஒட்டினார்கள். ஊரே டைரியைத் திருத்திக்கொண்டு வேலையைப் பார்த்தது. சுந்தர்சிங் இடிந்துபோனார். பழைய எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் முப்பத்தொன்று. இப்போது முப்பத்துமூன்று; கூட்டுத்தொகை மூன்றால் வகுபட்டால் எண்ணும் வகுபட்டுவிடும்.

"முன்னால போட்டதாலயா சார்?" என்று கேட்டேன்.

"பின்னால போட்டாலும் வகுபடும். நடுவுல சொருகினாலும் வகுபடும். பழைய நம்பரோட சும்மா ரெண்டைக் கூட்டிப் பாருங்க, அப்பவும் வகுபடும்!"

புரிந்தவன் போல் தலையாட்டினேன். எந்த இடத்தில் ஆட்ட வேண்டும் என்பதுதான் புரியவில்லை.

"இந்த நம்பரோட குடும்பம் நடத்த முடியாது. மாத்தப் போறேன்" என்பார்.

"தாராளமா மாத்துங்க" என்பார் மனைவி பியூலா. "ஜோஸ்வின் எதுல கூப்பிடுவான்?"

அதோடு பேச்சு நின்றுவிடும். ஜோஸ்வின் ஒரே மகன். பொத்தேரியில் இன்ஜினியரிங் படித்தவன், கணக்கிலேயே அரியர் வைத்தான். "கூட்டத் தெரியாதவனுக்கு என் வீட்ல என்னடா வேலை?" என்று அப்பா கேட்டார். பையைத் தூக்கிக்கொண்டு போனவன்தான். எங்கே என்று தெரியாது. அப்போது ஏழு இலக்கம். அவன் கையில் இருப்பது அந்தப் பழைய எண்தான்.

நேற்று ஸ்டேஷன் எதிரே எஸ்.டி.டி. பூத்துக்குள் சுந்தர்சிங் நின்றிருந்தார். வீட்டில் போன் இருப்பவருக்கு இங்கே என்ன வேலை? என்னைப் பார்த்ததும் ரிசீவரை என் காதில் வைத்தார். பதிவு செய்த பெண் குரல்: முன்னால் இரண்டைச் சேர்த்து டயல் செய்யவும்.

"பழைய நம்பரைத்தான் போட்டேன் சார். அந்தம்மா இன்னும் சொல்றாங்களான்னு அப்பப்ப வந்து பாத்துக்குவேன். நிறுத்திட்டா பையன் திணறிடுவான்ல?" கொஞ்சம் தயங்கினார். "ஒரு ரெண்டுதானே... சேத்துடுவான், இல்ல?"

ரிசீவரைத் திரும்ப வாங்கித் தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூன்றையும் கடைசிவரை கேட்டார்.

"தேங்க்ஸ்ம்மா" என்று அந்தக் குரலுக்குச் சொல்லிவிட்டு, சத்தம் வராமல் வைத்தார்.