குளத்து மீனைத் தின்றது யார்?

என் கணவருக்கு வங்கியில் மாற்றல் வந்து, நாங்கள் திருநெல்வேலியிலிருந்து கொல்கத்தாவுக்குக் குடிபோன முதல் குளிர்காலத்தில் நடந்தது இது. சால்ட் லேக்கில் ஒரு தனி வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். மாடியில் வீட்டுக்காரர்கள், ஐம்பதைத் தாண்டிய வங்காளித் தம்பதி. அங்கே அக்கம்பக்கத்தாரை உறவு சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அதனால் அவர் எனக்கு 'தாதா', அந்த அம்மாள் 'பௌதி'. நம் ஊர்ப்படி அண்ணன், அண்ணி.

வீட்டின் பின்பக்கத் தோட்டத்தில் ஒரு சின்ன சிமென்ட் குளம். அதில் ஆரஞ்சும் வெள்ளையுமாகத் தங்க மீன்கள். வெளிநாட்டுக்குப் படிக்கப் போன அவர்களுடைய ஒரே மகன் ஆசையாக வளர்த்தவை. ஞாயிற்றுக்கிழமை தோறும் பௌதி போனை எடுத்துக்கொண்டு வந்து குளத்தருகே உட்கார்ந்து, ஒவ்வொரு மீனாக மகனுக்கு வீடியோவில் காட்டுவார். பையன் அம்மாவிடம் பேசியதைவிட மீன்களைப் பற்றி விசாரித்ததுதான் அதிகமாக இருக்கும். பாவம், பௌதிக்கு அதிலேயே முகம் மலர்ந்துவிடும்.

அந்த மீன்கள்தான் குறைய ஆரம்பித்தன.

முதலில் கவனித்தது நான். என் அப்பா தவறியதிலிருந்து தினமும் காலையில் காக்கைக்குச் சோறு வைக்காமல் நான் வாயில் எதையும் போடுவதில்லை. அந்த வீட்டில் அதற்கு வாகான இடம் குளத்தின் கைப்பிடிச் சுவர்தான். சோற்றை வைத்து, 'கா, கா' என்று கூப்பிட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவேன். அப்படிப் போகிற போதெல்லாம் மீன்களை ஒரு நோட்டம் விடுவது வழக்கம். நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த மாதிரி ஒரு மீன் உண்டு. ஒரு நாள் அதைக் காணோம். அப்புறம் வால் நீண்ட மீன் ஒன்றையும் காணோம். செத்து மிதக்கவும் இல்லை. பூட்டிய கேட்டுக்குள் இருக்கிற மீன் எங்கே போகும்?

என் சந்தேகம் நேராக மாடிப்படி ஏறியது. நாங்கள் சைவம். எந்த மீனைத் தின்பார்கள், எதைத் தின்ன மாட்டார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. மாடியிலிருந்து கடுகெண்ணெய் காயும் வாசனை வந்தாலே, போச்சு, இன்றைக்கு ஒன்று காலி என்று நினைத்துக்கொள்வேன். போதாக்குறைக்கு தாதாவின் நடமாட்டமும் சரியில்லை. காலையில் பையை எடுத்துக்கொண்டு பஜாருக்குக் கிளம்புவார். ஆனால் வாசலுக்குப் போகாமல் பின்பக்கம் வருவார். கொய்யா மரத்தடியில் கொஞ்ச நேரம் நிற்பார். என் தலை தெரிந்தால் எதையோ சட்டென்று பைக்குள் ஒளிப்பார்.

என் கணவரிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"உனக்கு வேற சோலியே இல்லையா? தினம் பஜார்ல பெரிய பெரிய மீனா வாங்குத மனுசன், விரல் தண்டி மீனையா பிடிச்சுத் திங்கப் போறாரு?"

"பின்ன பைக்குள்ள என்னத்த ஒளிக்காரு?"

அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். எனக்கு அது போதும்.

என் வாயாவது சும்மா இருந்ததா? ஒரு நாள் சோறு வைத்துவிட்டுத் திரும்பும்போது பௌதி எதிரே வந்தார். அரைகுறை வங்காளியில், "நேத்து ராத்திரி உங்க வீட்டுல என்ன மீன், சின்ன மீனா?" என்று கேட்டேன். விளையாட்டாகக் கேட்பது போலத்தான் கேட்டேன், ஆனால் என் முகம் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கும். பௌதி என் கையிலிருந்த வெறும் கிண்ணத்தையே உற்றுப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த எள்ளைப் பார்த்தார். அன்று சனிக்கிழமை, எள்ளுச் சோறு வைத்திருந்தேன்.

அந்த வாரத்திலேயே மேலிருந்து சேதி வந்துவிட்டது. பௌதியின் தங்கை குடும்பம் கீழ் வீட்டுக்கு வரலாமாம். நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டால் நல்லதாம்.

எங்கள் மகள் அப்போது பத்தாம் வகுப்பு. மொழி தெரியாத ஊரில் அழுதுகொண்டே பள்ளிக்குப் போனவள், அப்போதுதான் இரண்டு தோழிகளோடு சிரித்துக்கொண்டு வீடு திரும்பத் தொடங்கியிருந்தாள். பொதுத்தேர்வு நேரத்தில் மூட்டை கட்டுவதா? மீனையும் தின்றுவிட்டு நம்மையும் துரத்துகிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாதாவைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டுத்தான் இந்த வீட்டைவிட்டு இறங்குவது என்று முடிவு செய்தேன்.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல எள்ளுச் சோற்றை வைத்தேன். 'கா, கா' என்று கூப்பிட்டேன். எப்போதும் சமையலைப் பார்க்கப் போய்விடுகிறவள், அன்று அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறை ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

தாதா வந்தார். பையோடுதான் வந்தார். கொய்யா மரத்தடிக்குப் போய் அண்ணாந்து மாடியைப் பார்த்தார். பைக்குள் கையை விட்டார். வலையை எடுக்கப் போகிறார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எடுத்தது ஒரு சிகரெட்! பௌதிக்குத் தெரியாமல் அவசர அவசரமாக நாலு இழுப்பு இழுத்தார். மிச்சத்தைச் செடிக்கடியில் நசுக்கிவிட்டு, ஏதோ பூப்பறிக்க வந்தவர் மாதிரி நடையைக் கட்டினார். குளத்தின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அப்போதுதான் படிக்கட்டின் திருப்பத்தில் ஒரு புடவைத் தலைப்பு தெரிந்தது. பௌதி. அவரும், கொய்யா மரம் தெரியாத அந்த மூலையில் ஒளிந்து நின்று குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடடே, கூட்டுக் களவா என்று நான் யோசிப்பதற்குள் காக்கைகள் வந்துவிட்டன. தின்றது பாதி, இறைத்தது பாதி. இறைந்த பருக்கைகள் தண்ணீரில் விழ, மீன்கள் எல்லாம் குடுகுடுவென்று மேலே வந்து வாயைத் திறந்தன. குளத்தோரம் வரிசையாக இருந்த பழைய மண்சட்டிகளில் ஒன்றுக்குக் கழுத்து நீண்டது.

சட்டி இல்லை. சட்டிகளுக்கு நடுவே, அதே மண் நிறத்தில், ஆடாமல் அசையாமல் ஒரு கொக்கு! ஒரே கொத்து. ஆரஞ்சு மீன் அலகில் துடித்தது. அது சிறகை விரித்ததும் பார்க்க வேண்டுமே, அத்தனையும் வெள்ளை வெளேர்.

"ஐயோ, கொக்கு!" என்று நான் கத்த, "பொக்! பொக்!" என்று பௌதி அவர் பாஷையில் கத்த, இருவரும் குளத்தடிக்கு ஓடிவந்து நேருக்கு நேர் நின்றோம். தினமும் நான் 'கா, கா' என்று கூப்பிட்டது காக்கைக்கு மட்டுமல்ல, அந்தக் கொக்குக்கும் சாப்பாட்டு மணி. மீனுக்குச் சோற்றைக் காட்டி மேலே வரவழைத்ததும் நான்தான்.

"நீங்க எதுக்கு ஒளிஞ்சு நின்னீங்க?" என்று கேட்டேன். பௌதி தயங்கித் தயங்கிச் சொன்னார். "கறுப்பா என்னமோ கலந்து சோறு வெக்கிறே. ஏதோ சத்தம் கொடுக்கிறே. திரும்பிப் பாக்காமப் போயிடறே. அப்புறம் மீன் குறையுது. துக்தாக்னு பயந்துட்டேன்." துக்தாக் என்றால் செய்வினை! நான் வைக்கிற எள்ளுச் சோறு செய்வினையாம்!

என் சந்தேகத்தை நானும் சொன்னேன். பௌதிக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. "நாங்க ருயி சாப்பிடுவோம், காத்லா சாப்பிடுவோம். இதை யாராவது திம்பாங்களா? இது என் புள்ளையோட மீனும்மா" என்றார். சொல்லிவிட்டு, மிச்சமிருந்த மீன்களை விரல் நீட்டி எண்ணத் தொடங்கினார். எனக்குத் தாங்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சிகரெட் விஷயத்தை மட்டும் நான் வாயே திறக்கவில்லை.

அன்றைக்கே வேலை தொடங்கியது. தாதா தன்னுடைய பழைய குர்தாவைக் குச்சியில் மாட்டி ஒரு பொம்மை செய்தார். மறுநாள் கொக்கு அதன் தோளிலேயே உட்கார்ந்திருந்தது. பிறகு நைலான் வலை வாங்கி, பறவையின் கால் சிக்காதபடி விறைப்பாக இழுத்து, தண்ணீருக்கு மேலே கட்டினோம். மீன்கள் பதுங்க உடைந்த குழாய்த் துண்டுகளை உள்ளே போட்டோம். என் காக்கைச் சோறு மொட்டை மாடிக்குப் போனது. அதற்குப் பௌதியின் வீட்டு வழியாகத்தான் போக வேண்டும், போகிற வழியில் ஒரு டீயும் கட்டாயம். சோறு வைக்காமல் குடிக்க மாட்டேன் என்பதால், இறங்கி வரும்போது சூடாக வைத்திருப்பார். தங்கை குடும்பத்தைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நடுவே அப்பாவின் திதி வந்தது. காய்ச்சலைவிட அதுதான் என்னை வாட்டியது. அன்று காலை பௌதி போனில் ஒரு வீடியோ அனுப்பினார். மொட்டை மாடியில் எள்ளுச் சோறு, ஈரத் தலையோடு பௌதி, பக்கத்தில் தாதா. எடுத்தவள் என் மகள். "கா... கா..." என்று பௌதி கூப்பிட்டதில் வங்காளி வாசனை அடித்தது. காக்கை வந்தது. அன்று மாடியில் மீன் சமைக்கவில்லை என்று என் மகள் பிறகு சொன்னாள்.

சந்தேகப்படுகிற புத்தி என்னைவிட்டு முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் என் கணவரே நம்ப மாட்டார். ஆனால் இன்றைக்கும் வீட்டில் ஏதாவது காணாமல் போனால், அடுத்த வீட்டு மாடிப்படியைப் பார்க்கும் முன் என் கையில் என்ன கிண்ணம் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.