குடலுக்குள் துண்டு போடுகிறவர்கள்

போன சனிக்கிழமை கீழ்வேளூர் பக்கம் போயிருந்தேன். என் சித்தி மகள் அமுதா அங்கே வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்கிறாள். "பன்றியா?" என்று முகம் சுளிக்கிறவர்கள் தாராளமாக அடுத்த பக்கத்துக்குப் போகலாம் — அங்கே ராசிபலன் இருக்கிறது.

அமுதா போனில் அழுததால்தான் போனேன். லேசில் அழுகிற ஆள் இல்லை அவள். தாய்ப்பால் மறந்த குட்டிகள் வரிசையாகக் கழிச்சலில் படுத்துவிட்டன. ஏற்கெனவே ஓர் ஈற்றுக் குட்டிகள் இப்படித்தான் போயின. இதுவும் போனால் பண்ணையை மூடிவிட்டு துபாய்க்குக் கிளம்புகிறேன் என்று அவள் கணவர் ரவி டிக்கெட்டே போட்டுவிட்டார்.

கால்நடை டாக்டர் வந்து பார்த்திருக்கிறார். "பால் மறக்கும்போது வர்றதுதாம்மா" என்று சொல்லி, உப்புக் கரைசலும் நல்ல பாக்டீரியா உள்ள ஒரு பவுடரும் கொடுத்திருக்கிறார்.

"அன்னையிலேர்ந்து பவுடர் போட்டுக்கிட்டுதான்க்கா இருக்கேன். ஒண்ணும் கேக்கல."

"எப்படிப் போடுற? செஞ்சு காட்டு."

காட்டினாள். ஓர் அடுப்பில் பெரிய பன்றிகளுக்கான ஹோட்டல் மிச்சம். நோய்க்கிருமி சாகவேண்டும் என்பதற்காக அதை நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் போடுவார்கள். பக்கத்து அடுப்பில் குட்டிகளுக்கான நொய்க்கஞ்சி, தளதளவென்று. பாக்கெட்டைப் பிரித்தாள்... கொதிக்கிற கஞ்சியிலேயே கொட்டப் போனாள்!

எட்டிக் கையைப் பிடித்தேன். "அடியே, அது உயிருள்ளதுடி! வேக வைக்கிறியே!"

"கொதிக்காம எதுவும் பட்டிக்குள்ள போகக்கூடாதுன்னுதானே ட்ரெயினிங்ல சொன்னாங்க?"

சொன்னது சரி. ஆனால் திருடனுக்குப் போட்ட பூட்டை விருந்தாளிக்கும் போட்டால்?

லேபில் கிருமிகளோடு குப்பை கொட்டுகிறவள் நான். இந்த விஷயத்தில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அமுதா, ரவி இருவரையும் உட்கார வைத்தேன்.

"தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டுல, பஸ் வந்து நிக்கறதுக்குள்ள ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு பிடிக்கறாங்கள்ல? குடலுக்குள்ள நடக்கறதும் அதான்" என்றேன்.

குடலின் உள்சுவரில் வழவழப்பாக ஒரு படலம் இருக்கிறது. நல்ல பாக்டீரியாவின் மேல்தோலில் உள்ள சில புரதங்கள் அந்தப் படலத்தைப் பற்றிக்கொள்கின்றன. பற்றியது தங்கும், பற்றாதது சாப்பாட்டோடு சேர்ந்து வெளியே போய்விடும். உட்கார்ந்தவை சும்மாவும் இருப்பதில்லை. அமிலம் சுரந்து, கெட்ட கிருமிக்கு அந்த இடமே பிடிக்காமல் செய்துவிடும். கெட்டதற்கும் சுவரில் பிடிமானம் வேண்டும். சீட் இல்லையென்றால் அது என்ன செய்யும்? இறங்க வேண்டியதுதான்!

பால் மறக்கும்போதுதான் சிக்கல். பாலை நம்பியிருந்த நல்ல பாக்டீரியாக்கள் குறைகின்றன. பஸ் பாதி காலி. அப்போது யார் முதலில் ஏறுகிறார்கள் என்பதில்தான் குட்டியின் உயிர் இருக்கிறது.

"அப்ப இவ்வளவு நாளும் செத்ததைத்தான் ஊத்தியிருக்கா" என்றார் ரவி. குத்தலாகத்தான் சொன்னார். அமுதாவின் முகம் சுருங்கிப்போனது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ சுத்தமா இருந்ததாலதான் பெரிய பன்னியெல்லாம் நல்லா இருக்கு. டிக்கெட் போட்ட நேரத்துக்கு நீங்களாவது பாக்கெட்ல என்ன எழுதியிருக்குன்னு படிச்சிருக்கலாம்ல?" என்றேன். மாப்பிள்ளை எழுந்து போய்க் கஞ்சியை இறக்கி வைத்தார்.

வெதுவெதுப்பாக ஆறியதும் பவுடரைக் கலந்தோம். இதற்கு மேல் குட்டிகள் பிழைக்கும் என்று அடித்துச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். எனக்கே அவ்வளவு நிச்சயம் இல்லை. அதை அவளிடம் காட்டவில்லை.

நாமெல்லாம் அமுதா மாதிரிதான், இல்லையா? கெட்டதைத் துரத்துவதற்கு அடுப்பு, பினாயில், பூட்டு என்று எத்தனையோ வைத்திருக்கிறோம். நல்லது வந்து உட்கார ஓர் இடம் விட்டுவைக்க மட்டும் தோன்றுவதே இல்லை.

இன்று காலை போன் வந்தது. ஒரு நோஞ்சான் குட்டியைக் காப்பாற்ற முடியவில்லையாம். மற்றவை தொட்டியை முட்டி முட்டித் தின்கின்றனவாம். பின்னால் அவற்றின் கத்தல் எனக்கே கேட்டது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"ரவி என்ன சொல்றார்?" என்றேன்.

"ஏரோப்ளேன்ல போட்ட துண்டை எடுத்துட்டாருக்கா!"