செம்போத்து பதில் சொன்ன தோட்டம்

தீவுகளை ஆராய்கிறேன் என்றால் அந்தமானா என்று கேட்கிறார்கள். நான் போவது அடையாறுக்கு, அதுவும் 29சி பஸ்ஸில். இந்தத் தொழிலில் சிக்கிக்கொண்ட உங்களுக்குத் தெரியும், சுற்றிலும் சாலை ஓடினால் ஒரு தோட்டமும் தீவுதான். சிறிதாகி, தனித்துப்போனால் அதிலுள்ள உயிர்கள் ஒவ்வொன்றாக மறைந்துவிடும்.

கரை

அங்கே ஒரு பழைய பங்களாத் தோட்டத்தை ஆற்றங்கரைப் புதரோடு சேர்த்து வைத்திருந்தது ஒரு மர வரிசை. குடியிருப்புச் சங்கம் கார் நிறுத்த அதை வெட்டப் பார்த்தது. செம்போத்து அதிக தூரம் பறக்காத பறவை, மரம் மரமாகத்தான் போகும். தோட்டத்தில் அது இருப்பதாக நான் எழுதிக் கொடுத்தால் மரங்களை விட்டுவிடுவதாகச் சொன்னார்கள்.

வாட்ச்மேன் முனுசாமியிடம் சாலைதான் கடல் என்று விளக்கினேன். வாசலில் விரையும் பஸ்களைப் பார்த்தவர், நாற்காலியைக் கொஞ்சம் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்ப இம்மாம் நாளா நான் கரையிலதான் குந்திகினு கீறனா, சார்?"

பதில்

பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது எங்கள் முறை. சில வருஷங்களுக்கு முன் இதே தோட்டத்தில் பதிவான குரல். காலையில் சுவரோரம் ஸ்பீக்கரை வைத்தேன். ஊப், ஊப், ஊப். ஓர் இலைகூட அசையவில்லை. பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அதே குரல் வந்தது. நான் நிறுத்தினால் அதுவும் நிறுத்தியது. சந்தோஷப்பட வேண்டியவனுக்கு ஏனோ உடம்பு சிலிர்த்தது. முனுசாமி தள்ளியே நின்றார். "போதும் சார், நிறுத்திடு. வேற எதுனா வந்துடப் போவுது."

இருமல்

ஆற்றங்கரைப் பக்கம் என் சகா ஸ்டெல்லாவின் பொறுப்பு. மழையால் அவள் தன் நாளை மாற்றி அதே காலையில் வந்திருந்தது எனக்குத் தெரியாது. டீக்கடையில், தனக்கும் பதில் கிடைத்ததென்று அதன் பதிவைப் போட்டுக் காட்டினாள். செம்போத்துக் குரலுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். என் இருமல். எங்கள் ஸ்பீக்கர்கள்தான் ஒன்றையொன்று அழைத்திருக்கின்றன.

மறுபடி இருவரும் சேர்ந்து போய்ப் பல காலைகள் சும்மா நின்றோம். எதுவும் கூப்பிடவில்லை. ஸ்டெல்லா தரையைப் பார்த்தபடி கேட்டாள். "இருக்குன்னே எழுதிடலாமா சார்? மரமாவது பிழைக்கும்."

கூட்டம்

உண்மையை எழுதுவது நேர்மையா, என் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதா என்று குழம்பினேன். கடைசியில், பறவை இல்லை, மரங்களும் போனால் இனி எப்போதும் வராது என்று எழுதினேன். மயிலாப்பூரிலிருந்து வந்து குடியேறிய சங்கச் செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இல்லாத பட்சிக்கு வழி விடச் சொல்றேள். சரி, ஒரு வருஷம் பாக்கறோம், வரலேன்னா வெட்டிடுவோம்."

ஆக, இருப்பதைக் கண்டறியச் சம்பளம் வாங்கும் நான் இப்போது தினமும் ஸ்பீக்கர் இல்லாமல் அந்தச் சுவரோரம் நின்று, இருமல் வந்தாலும் அடக்கிக்கொள்கிறேன்.