அப்பகிந்தலுக்குப் போட்ட கடைசிப் பாட்டு

புது ராக் ஆல்பம் எது கிடைத்தாலும் நான் முதலில் கேட்பது அதன் கடைசிப் பாட்டைத்தான். ரசனை என்று நினைத்துவிட வேண்டாம், பயம். சினிமாவுக்குப் போனால்கூட ஹீரோ பிழைப்பானா என்று யாரையாவது கேட்டுத் தெரிந்துகொண்டு உட்காருகிற ஆள் நான். முடிவு நல்லபடியாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் முதல் பாட்டுக்குப் போக தைரியம் வரும்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இங்கிலீஷ் ராக் எங்கிருந்து வந்தது என்றால், புத்தூரில் செல்போன் ரிப்பேர் கடையில் இருந்தபோது வந்தது. காலேஜ் பிள்ளைகள் மெமரி கார்டில் ஏற்றச் சொல்லிக் கொண்டுவருவார்கள். ஒரு காப்பி என்னிடமும் தங்கிவிடும். வார்த்தை ஒன்றும் விளங்காது. ஆனால் கடைசிப் பாட்டுக்கு அது தேவைப்படவில்லை. அதுவரை கத்தித் தீர்த்தவன் களைத்துப்போய் ஒற்றை கிட்டாரோடு உட்கார்ந்துவிடுவான். இன்னொரு ஆல்பத்தில் பாடுகிறவன் எழுந்து போய்விடுவான். ஆள் இல்லாத வீட்டில் ஃபேன் ஓடுகிற மாதிரி ஆர்கன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எது பெரிய முடிவு, எது சும்மா நின்றுபோனது என்று மனசுக்குள் மார்க் போட்டுக்கொண்டிருப்பேன். என் பரீட்சையில் வாங்காத மார்க்கெல்லாம் அவர்களுக்குப் போனது.

பாட்டு முடிந்ததும் வருகிற அமைதிதான் எனக்கு ஆகாது. போன் செத்துவிட்டதோ என்று பதறி உடனே அடுத்ததைத் தட்டிவிடுவேன்.

தங்கச்சிக்குத் திருப்பதியில் ஒரு தெலுங்கு வீட்டில் சம்பந்தம் அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. அவர்கள் கல்யாணத்தில் அப்பகிந்தலு உண்டு. பெண்ணின் கையைப் பாலில் நனைத்து மாமனார், மாமியார் கையில் வைத்து ஒப்படைக்கிற சடங்கு அது. அந்த நேரம் பார்த்து மைக் செட்டில் ஒரு தெலுங்கு சோகப் பாட்டு போடுவார்கள். யார் கல்யாணத்தில் அதைக் கேட்டாலும் எங்கள் நைனா உடைந்துபோவார். ஒருமுறை முன்பின் தெரியாத பெண்ணுக்காக அழுது, அவளுடைய சித்தப்பா வந்து தேற்ற வேண்டியதாயிற்று.

"அண்ணா, அந்தப் பாட்டு வந்துச்சுன்னா நைனா அங்கியே உக்காந்துடும். அவங்க முன்னாடி அது அழுவக் கூடாது. நீ எதனா புரியாத பாட்டாப் போடு" என்றாள் தங்கச்சி.

என் திறமையை நம்பி ஒருவர் கேட்ட ஒரே உதவி அது. இருப்பதிலேயே சாதுவான கடைசிப் பாட்டாக எடுத்தேன். கரண்ட் போகுமா, ஜெனரேட்டர் மக்கர் பண்ணுமா, மழை வருமா என்று ஒன்றுவிடாமல் பயந்தேன். ஒரு பென் டிரைவ் தொலைந்தால் என்ன செய்வது என்று இன்னொன்றையும் பாக்கெட்டில் வைத்திருந்தேன்.

அண்ணன்காரன் என்பதால் பால் கிண்ணத்தை என் கையில் கொடுத்து மேடையில் நிறுத்திவிட்டார்கள். கிட்டார் மெதுவாக வந்தது. நைனா அசையவில்லை. பாட்டு முடிந்தது. அமைதி. அடுத்ததைத் தட்ட விரல் துடித்தது, கையில் கிண்ணம். தங்கச்சியின் கை பாலில் நனைந்து சம்பந்தியின் உள்ளங்கைக்குப் போனது. நைனாவின் கீழுதடு ஆட ஆரம்பித்தது. போச்சு என்று நினைத்தேன்.

அப்போது எல்லா ஸ்பீக்கரிலும் டிரம்ஸ் இடித்தது. ஒருவன் தொண்டை கிழியக் கத்தினான். கடைசிப் பாட்டுக்கு அப்புறம், நீண்ட அமைதிக்கு அந்தப் பக்கம், அந்த ராக்காரர்கள் விளையாட்டாக அதே ஃபைலில் இன்னொரு பாட்டை ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள். வருஷக்கணக்காகக் கேட்டவன், அமைதிக்குப் பயந்து ஒருநாளும் அந்தப் பக்கம் போனதில்லை.

கிண்ணம் துள்ளியது. பால் முழுக்க சம்பந்தியின் முகத்திலும் பட்டுச் சட்டையிலும். மைக் செட்டுக்காரர் வயரைப் பிடுங்கினார். முதலில் சிரித்தது நைனாதான், துண்டை வாயில் அமுக்கிக்கொண்டு.

"எல்லாத்துக்கும் பயந்துக்கினே இருந்தியே, இத்த மட்டும் ஏன்டா உட்டுட்ட?" என்றார்.

சம்பந்தி மீசையில் இருந்த பாலைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அயிபோயிந்தா, இங்கா உந்தா?" என்றார். முடிந்ததா, இன்னும் இருக்கிறதா என்று.

நைனா அழவில்லை. கார் தெருமுனை திரும்பிய பிறகு அழுததைக் கணக்கில் சேர்க்க மாட்டோம்.

இப்போதும் திருப்பதிக்குப் போனால், நான் சாப்பிட்டுக் கை கழுவும்போது சம்பந்தி அதே கேள்வியைக் கேட்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி உள்ளேயிருந்து தெலுங்கில் பதில் சொல்லிவிடுகிறாள், கொஞ்ச நேரம் சும்மா இருங்க மாமா, வரும் என்று.