குதிரைக்குத் தைத்த சாக்ஸ்

எங்கள் வீட்டுக் குதிரை வண்டியில் பூட்டியிருக்கும்வரை பரம சாது. அவிழ்த்துக் கொல்லையில் விட்டால் போதும், வாலைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டம். அந்த ஓட்டத்தில் பின்னங்கால் லாடம் முன்னங்காலில் வந்து இடிக்கும். தன் காலைத் தானே வெட்டிக்கொள்ளும் ஜென்மத்தை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

எழுபதுகளின் கடைசியில், திருவண்ணாமலை ரயிலடியிலிருந்து கோயிலுக்கு ஆள் ஏற்றிய குதிரை வண்டிகளில் எங்களுடையதும் ஒன்று. ஓட்டியவர் என் வீட்டுக்காரர். குதிரை எனக்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்துவிட்டது. அவர் "புள்ள" என்று குரல் கொடுத்தால் நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்போம். பாதி நேரம் கூப்பிட்டது அதைத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் குதிரையோடு போய் மல்லுக்கு நிற்க முடியுமா?

மதியம் வண்டி அவிழ்த்ததும் மலைக்குப் பின்பக்கம் அடி அண்ணாமலையில் ஒரு விவசாயியின் கொல்லைக்குக் கொண்டுபோவோம். மல்லாட்டைக் கடலை பிடுங்கிய நிலத்தில் மிச்சக் கொடியும் புல்லும் கிடக்கும். குதிரைக்கு மேய்ச்சல், விவசாயிக்கு எரு. யாருக்கும் நஷ்டமில்லை.

ஒரு நாள் முன்னங்காலின் பின்பக்கம் ரத்தம் ஒழுகத் திரும்பி வந்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் தையல் போட்டார்.

"இதே எடத்துல இன்னொரு அடி பட்டா நரம்பு அறுந்துரும் பாய். அப்புறம் வண்டிய மறந்துட வேண்டியதுதான். மேய விடும்போது காலுக்கு எதனா கட்டி விடுங்க" என்றார்.

இவர் ராத்திரி பகலாக அதையே யோசித்தார். கடைசியில் பழைய கம்பளியை உள்ளே வைத்து, மேலே லாரி டியூபை வெட்டிப் போட்டு, வாரும் பக்கிளும் வைத்து, செருப்புத் தைப்பவரிடம் முன்னங்கால் இரண்டுக்கும் உறை தைத்து வாங்கி வந்தார். வண்டி ஸ்டாண்டில் அதற்கு 'சாக்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"இன்னா பாய், கான்வென்ட்ல சேத்துட்டீங்களா? டை எங்க?"

இவர் சிரித்துக்கொண்டு வந்து என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு ஒரு ஜோடி செருப்பு கேட்டு எத்தனை மாதமாகியிருந்தது!

ஆனால் சாக்ஸ் வேலை செய்தது. ஓடியது, இடித்தது, காயமில்லை. ஐப்பசி மழை பிடிக்கும்வரை நிம்மதியாக இருந்தோம். மழையில் கம்பளி நனைந்து ஊறியது. நெருஞ்சி முள்ளும் மண்ணும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டன. ஒரு சாயங்காலம் பக்கிளை அவிழ்த்தால் முடி கொட்டி, தோல் வெந்து, ஈ மொய்க்கிறது. மறுபடியும் ஆஸ்பத்திரி. அதற்குள் அங்கே வேறு டாக்டர் வந்திருந்தார்.

"யாருய்யா இத கட்டச் சொன்னது?"

"உங்களுக்கு முன்ன இருந்தவருதாங்க."

"கழட்டுங்க மொதல்ல. காத்து படணும்."

"கழட்டுனா வெட்டிக்குமே சார்?"

"வெட்டிக்காம பாத்துக்கங்க."

எவ்வளவு சுலபம்! குதிரை ஓடும்போது கூடவே ஓடிக் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. பின்னங்கால் லாடத்தைக் கழற்றிவிடச் சொன்னார் அந்த விவசாயி. லாடம் இல்லாமல் தார் ரோட்டில் எப்படி ஓடும்? ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், எல்லாம் சரியாகவும் இருந்தது. நான் மாட்டுங்கள் என்றால் அவர் வேண்டாம் என்பார். அவர் மாட்டினால் நான் போய் அவிழ்ப்பேன். அடுத்த வாரம் இருவரும் கட்சி மாறியிருப்போம். ஒரு மதியம் கொல்லையில் பார்த்தேன், ஒரு காலுக்கு மாட்டி முடித்துவிட்டு, இன்னொரு சாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே குந்தியிருந்தார். குதிரை ஒற்றைச் சாக்ஸோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு அழுகை வந்தது.

கார்த்திகை தீபம் முடிந்த வாரம், சாக்ஸ் இல்லாத நாளில், மறுபடி வெட்டிக்கொண்டது. தையல் போட்ட இடத்துக்கு ஒரு விரல் தள்ளி.

"விடவே வேணாம். ஆறுற வரைக்கும் கட்டிப் போட்டுடலாம்."

இதைச் சொன்னது அவரா நானா என்று நினைவில்லை. யார் சொன்னாலும் இருவருக்கும் அப்பாடா என்றிருந்தது. மேய்ச்சலும் இல்லை, வண்டியும் இல்லை. அவர் இன்னொருவர் வண்டியைக் கூலிக்கு ஓட்டினார். குதிரை வீட்டுக்குப் பக்கத்தில் முளையில் நின்று வைக்கோலும் கொள்ளும் தின்றது. மதியம் அவிழ்க்கும் நேரம் வந்தால் மட்டும் அடி அண்ணாமலைப் பக்கம் திரும்பி நின்று காலால் மண்ணைப் பறிக்கும். அந்த இடத்தில் ஒரு குழியே விழுந்துவிட்டது. ஆனால் கால் அழகாக ஆறியது. முடிகூட முளைத்தது. அப்புறமும் அவிழ்த்துவிட இருவருக்கும் தைரியம் வரவில்லை. தினமும் சாயங்காலம் வந்ததும் அவர் முட்டியிலிருந்து குளம்புவரை நான்கு காலையும் தடவிப் பார்ப்பார். பிறகுதான் டீ.

ஒரு காலையில் குதிரை தீனியைத் தொடவில்லை. திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது. விழுந்து புரண்டது. டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றினார், ஊசி போட்டார்.

"மேய விடறதில்லையா? கட்டியே போட்டு காஞ்ச தீனியா போட்டா கொடல் அடச்சிக்கும். படுக்க விடாதீங்க, நடக்க வைங்க."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் கயிற்றை அவிழ்த்தார். பிறகு உள்ளே போய்ச் சாக்ஸை எடுத்து வந்து குனிந்து மாட்ட ஆரம்பித்தார். வார் பக்கிளுக்குள் போகவில்லை.

"இப்ப எதுக்குங்க இது?" என்று கத்தினேன்.

"நடக்கறப்ப இடிச்சிக்கும் புள்ள" என்றார்.

நானே உட்கார்ந்து இரண்டாவதை மாட்டிவிட்டேன்.

அவர் முன்னால் பிடித்துக்கொண்டு போக, நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் போனேன். எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லவில்லை. குதிரை மலையைச் சுற்றிக்கொண்டு அடி அண்ணாமலைக்கே நடந்தது. கொல்லைக்குள் நுழைந்ததும் நின்றது. புல் முட்டியளவு வளர்ந்து கிடந்தது. முகர்ந்து பார்த்தது, வாய் வைக்கவில்லை. முன்னங்காலை மடித்து மெதுவாகப் படுத்தது. இவர் கயிற்றை இழுத்தார், கெஞ்சினார், "எழுந்திரு புள்ள, எழுந்திரு" என்றார். வெயில் சாய்வதற்குள் முடிந்துவிட்டது. யா அல்லா, அவ்வளவு பெரிய உடம்பு எங்கள் கண் முன்னால் போனது, நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம்.

விவசாயி மண்வெட்டியோடு வந்தார். "இங்கயே பொதைச்சிக்கலாம் பாய். தூக்கிக்கினு எங்க போவீங்க?" என்றார்.

இவர் உட்கார்ந்து பக்கிளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். சாக்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு தினமும் செய்வதுபோல நான்கு காலையும் முட்டியிலிருந்து குளம்புவரை தடவினார்.

"பாரு புள்ள, ஒரு கீறல் இல்ல" என்றார்.

நானும் குனிந்து பார்த்தேன். உண்மைதான்.

"இல்லீங்க" என்றேன்.