லொறிக்கு அடியில் ஆள்

போன செவ்வாய்க்கிழமை என் லொறியை மறியற்சாலையிலிருந்து வெளியே எடுத்தேன்.

பயப்படாதீர்கள், லொறி ஒரு குற்றமும் செய்யவில்லை! அங்கே கைதிகளின் பட்டறையில் திருத்தக் கொடுத்திருந்தேன்.

உலகச் சண்டை முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன வண்டி அது. மூக்கு நீண்டது. என் வீட்டுக்காரர் ஏலத்தில் எடுத்து, இறக்கக்கண்டி மீனும் தம்பலகாமத்து நெல்லும் ஏற்றினார். அவர் கண்மூடிய பிறகு அதில் கோழி அடைகாத்தது. வெளிநாட்டு உதிரிச் சாமான் வராத காலம் இது... கராஜ்காரர் எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் கைதிகளிடம் கொண்டுபோய் விட்டேன்.

பக்கத்து வீட்டு ரோசம்மா சும்மா இருப்பாளா?

“கள்ளன்மாரிட்ட லொறியைக் குடுத்திருக்கிறியள் அக்கா. நாலு சில்லும் திரும்பி வருமோ?”

“வராட்டி உன்ர மாட்டு வண்டிச் சில்லைக் கழட்டுவன்” என்றேன்.

போய்ப் பார்த்தால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. எண்ணெய்ப் பீப்பாத் தகரத்தை அடித்து மட்காட் செய்திருக்கிறார்கள். பின்னால் சுமை ஏற்ற முதிரைப் பலகையில் புதுப் பெட்டி. பச்சைப் பெயின்ட். பிரேக் வேலை முழுவதும் செல்லையா என்ற கைதியுடையது. புல்மோட்டை ஆள். அடுத்த மாதம் விடுதலையாம். காவலர் அதைச் சொன்னபோது செல்லையா தரையைப் பார்த்துச் சிரித்தார்.

நான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். என் டிரைவர் கிண்ணியா நசீர் எஞ்சினை எழுப்பினான். முற்றமோ துறைமுகப் பக்கமாக நல்ல சரிவு. சில்லுக்கு வைத்த கட்டையையும் எடுத்தாயிற்று. ஹேண்ட்பிரேக் மட்டும்தான் லொறியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அப்போது செல்லையா என் கதவுப் பக்கம் வந்தார்.

“அம்மா, கொஞ்சம் பொறுங்கோ. கீழ ஒரு சொட்டு எண்ணெய் விழுந்து கிடக்கு. என்னெண்டு பாத்திட்டு வாறன்.”

சொல்லிக்கொண்டே லொறிக்கு அடியில் புகுந்துவிட்டார். என் கதவுக்குக் கீழே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. நசீரிடம் சொல்லத் திரும்பினேன். அவன் மறுபக்கம் தலையை நீட்டிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்னால் நின்ற காவலர், பெட்டி வேலை செய்த பண்டா என்ற சிங்களக் கைதியிடம் கேட்டார்: “பெட்டிப் பூட்டெல்லாம் சரியோ?”

பண்டாவுக்குத் தமிழ் குறைவு. உரத்துச் சொன்னார்: “ரைட்! ரைட்!”

லொறிக்குப் பின்னால் நின்று ஒருவர் ‘ரைட்’ என்றால் என்ன அர்த்தம்? உங்களுக்கே தெரியும். கண்டக்டர் சொன்னால் பஸ் போகும். கிளீனர் சொன்னால் லொறி போகும். நசீர் இத்தனை வருஷமும் அந்தச் சொல்லுக்கு ஓடியவன்.

ஹேண்ட்பிரேக்கை விட்டான். லொறி நகர்ந்தது.

“நிப்பாட்டடா! கீழ ஆள்!”

வண்டி கிளம்ப எழும்பிய எஞ்சின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவன் தோளில் ஓங்கி அறைந்தேன். திரும்பினான். என் முகத்தில் என்ன கண்டானோ — பிரேக் பெடலில் ஏறி மிதித்தான்.

லொறி குலுங்கி நின்றது. எஞ்சினை அணைத்தான்.

கதவுக்குக் கீழே பார்த்தேன். பாதங்களைக் காணவில்லை.

“செல்லையா...” என்றேன். காவலர் ஓடிவந்து குனிந்தார். பின்சில்லுக்கு அடியில் அவர் உடுத்திருந்த சாரத்தின் நுனி! குனிந்தவர் நிமிரவில்லை. “யா அல்லாஹ்” என்று நசீர் ஸ்டியரிங்கில் தலையை வைத்தான். நான் மாதாவைக் கூப்பிட்டேன்.

பிறகு அடியிலிருந்து ஒரு குரல்.

“முதல்ல கட்டையை வையுங்கோ. பேந்து அழலாம்.”

காலை உள்ளே இழுத்துக்கொண்டு தப்பியிருக்கிறார் மனிதர்! கட்டை வைத்தபின், கிழிந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே தவழ்ந்தார். முகமெல்லாம் எண்ணெய். வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

“அம்மா, பிரேக் பிடிக்குது. இனி நீங்கள் வேற சோதினை வைக்கத் தேவையில்லை.”

எல்லாரும் சேர்ந்து சிரித்தோம். பண்டா மட்டும் அழுதார். தான் சொன்னதில் என்ன பிழை என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

பிழைதான் எங்கே? அவர் சொன்னது ‘சரி’. நசீருக்குக் கேட்டது ‘போ’. சொல் ஒன்றுதான்... காது இரண்டு. நாட்டில் பாதிக் கலகம் இப்படித்தான் தொடங்குகிறதோ என்னவோ!

என் லொறியில் இப்போது ‘ரைட்’ கிடையாது. நான் “போடா நசீர்” என்றால்தான் சில்லு சுற்றும். ஆட்களுக்கு முன்னால் ‘டா’ போடுகிறேன் என்று அவனுக்குக் கோபம் — அந்தக் கோபத்தைத் தாங்கலாம்.